ஒரே ஆள், இரண்டு அடி: ஒன்றுக்கு 0, இன்னொன்றுக்கு 17

மாட் குக் என்று ஒரு ஐஸ் ஹாக்கி வீரர், பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ் அணியில் ஆடியவர். 2010 மார்ச் 7-ம் தேதி எதிரணி வீரர் ஒருவரின் தலையில் மோதினார். அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துத்தான் வெளியே கொண்டுபோனார்கள். குக்குக்குக் கிடைத்த தடை 0 ஆட்டம். 2011 மார்ச் 20-ம் தேதி அதே குக் இன்னொருவரின் தலையில் முழங்கையால் இடித்தார். இந்த முறை அடிபட்டவருக்குச் சொல்லும்படியான காயம் இல்லை. குக் உட்கார வேண்டியிருந்தது 17 ஆட்டம்.

ஆள் ஒன்று, லீக் ஒன்று, தண்டனை கொடுக்கும் நாற்காலியில் இருந்தவரும் ஒருவரே. நடுவில் ஓராண்டும் இரண்டு வாரமும்தான். வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல் எதை வைத்துத் தடை கொடுக்கிறது, எதை வைத்துக் கொடுக்காமல் விடுகிறது என்று எனக்குள் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் கேள்விக்கு இந்த இரண்டு அடிகளைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. அதனால் இதை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இந்த ஆட்டத்தை அதிகம் பார்க்காதவர்களுக்கு முதலில் கொஞ்சம் விளக்கம். ஐஸ் ஹாக்கியில் உடலால் மோதுவது குற்றமில்லை. பக், அதாவது பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு, யாரிடம் இருக்கிறதோ அவரைத் தோளால் இடித்து நிறுத்தலாம். அதற்குச் செக் என்று பெயர், அதை நன்றாகச் செய்யத் தெரிந்தவருக்கு அணியில் தனி மதிப்பே உண்டு. முழங்கையால் இடிப்பது, பின்னாலிருந்து ஓரப் பலகையில் தள்ளுவது, தூரத்திலிருந்து வேகமெடுத்து வந்து பாய்வது, இவையெல்லாம் தவறு. நடுவர் அப்போதே 2 நிமிடமோ 5 நிமிடமோ பெனால்டி பாக்ஸில் உட்கார வைப்பார், ரொம்ப மோசமென்றால் அன்றைய ஆட்டத்திலிருந்தே வெளியேற்றுவார். அப்புறம் லீக் நிர்வாகம் வீடியோவைப் பார்த்துத் தனியாகவும் தண்டிக்கலாம். அபராதம் போடலாம், இத்தனை ஆட்டம் ஆடக்கூடாது என்று தடை விதிக்கலாம். தடை வந்தால் சம்பளமும் வெட்டு. முதல் தடவை மாட்டுகிறவருக்கு ஆண்டுச் சம்பளத்தை சீசனின் நாட்களால் வகுத்து வெட்டுவார்கள், மறுபடி மறுபடி மாட்டுகிறவருக்கு சீசனின் 82 ஆட்டங்களால் வகுத்து வெட்டுவார்கள், அது வலிக்கும். நான் பேசப்போவது இந்த இரண்டாம் கட்டத் தண்டனையைப் பற்றித்தான்.

மார்ச் 7, பிட்ஸ்பர்க்

மெல்லன் அரீனா. பாஸ்டன் புரூயின்ஸ் அங்கே வந்து ஆடிய ஆட்டம், பிட்ஸ்பர்க் 2-1 என்று ஜெயித்தது. மூன்றாம் பகுதியின் கடைசியில், இன்னும் ஐந்தாறு நிமிடம்தான் பாக்கி. பாஸ்டனின் மார்க் சவார்டு கோலுக்கு முன்னால் நடுவில் வந்து பக்கை அடிக்கிறார். சவார்டு அடிதடி ஆள் இல்லை. பாஸ் கொடுப்பதில் அந்தக் காலத்தில் லீக்கின் முதல் வரிசையில் இருந்தவர், 2005-06 சீசனில் அட்லாண்டாவுக்காக 97 புள்ளி (போட்ட கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்ந்த கணக்கு), அடுத்த சீசனில் பாஸ்டனுக்காக 96.

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எல்லாம் தெரியும். பக் அவர் ஸ்டிக்கை விட்டுப் போய்விட்டது. அடித்த வேகத்தில் ஸ்டிக் இன்னும் முன்னால் நீண்டிருக்கிறது, உடல் குனிந்திருக்கிறது, கண் கோல் பக்கம் இருக்கிறது. குக் வருவது அவர் பார்வைக்கு வெளியே, பக்கவாட்டில் சற்றுப் பின்னாலிருந்து. நேராக மார்பிலோ தோளிலோ மோதியிருக்கலாம், வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் ஒதுங்கியும் போயிருக்கலாம். அவருடைய தோளும் மேல்கையும் போய் இடிப்பது சவார்டின் தலையில், தலையை மட்டுமே எடுத்துக்கொண்டு போகிறது அந்த மோதல். சவார்டு விழுந்த விதத்தில் கையை ஊன்றும் முயற்சிகூட இல்லை. நடுவர் யாரும் விசில் ஊதவில்லை, இரண்டு நிமிடப் பெனால்டிகூடக் கிடையாது.

அதற்கு முந்தைய 14 மாதத்துக்குள் குக் இரண்டு முறை தடை வாங்கியிருந்தார். 2009 ஜனவரியில் கரோலினாவின் ஸ்காட் வாக்கரை இடித்ததற்கு 2 ஆட்டம், நவம்பரில் நியூயார்க் ரேஞ்சர்ஸின் ஆர்டெம் அனிசிமோவை இடித்ததற்கு 2 ஆட்டம். எனவே எல்லாரும் பெரிய தண்டனை வரும் என்றுதான் காத்திருந்தார்கள்.

அப்போது ஒழுங்கு நடவடிக்கைக்குப் பொறுப்பாக இருந்தவர் காலின் கேம்பல், முன்னாள் வீரர், முன்னாள் பயிற்சியாளர். சில நாளில் முடிவு வந்தது: தடை இல்லை. அவர் சொன்ன காரணம்தான் இந்தக் கதையின் மையம். சில மாதம் முன்பு, 2009 அக்டோபர் 24-ம் தேதி, ஃபிலடெல்ஃபியா ஃபிளையர்ஸ் கேப்டன் மைக் ரிச்சர்ட்ஸ் கிட்டத்தட்ட இதே மாதிரி புளோரிடா பேந்தர்ஸின் டேவிட் பூத்தின் தலையில் இடித்திருந்தார். பூத் 45 ஆட்டம் ஆட முடியாமல் போனது. நடுவர் ரிச்சர்ட்ஸை அன்றைய ஆட்டத்திலிருந்து வெளியேற்றினார், லீக்கோ தடை எதுவும் தரவில்லை. ரிச்சர்ட்ஸைத் தடை செய்யவில்லை என்பதால் குக்கையும் செய்ய முடியாது, தோளால் தலையில் இடிப்பது விதிப்புத்தகத்தில் குற்றமாக எழுதப்படவில்லை, நாங்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். சாராம்சம் இதுதான்.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. ஒரே மாதிரி நடந்துகொள்வது என்றால் ஒரே மாதிரி தப்பை ஒரே மாதிரி தண்டிப்பது என்றுதான் யாருக்கும் புரியும். இவர்கள் அதை எடுத்துக்கொண்டதோ போன தடவை விட்டுவிட்டோம், அதனால் இந்தத் தடவையும் விட்டுவிடுவோம் என்று. அக்டோபரில் செய்தது தவறு என்று மார்ச்சில் ஒத்துக்கொள்ள மனம் வராததற்கு நீதி என்று பெயர் வைத்தார்கள். கை கட்டிப்போடப்பட்டிருந்தது என்பதும் சரியில்லை. நடுவர் தண்டித்தாலும் தண்டிக்காவிட்டாலும் ஆட்டத்தில் நடந்த எதையும் விசாரித்துத் தடை விதிக்க லீக்குக்கு அதிகாரம் தருகிற 28-ம் விதி அப்போதும் புத்தகத்தில் இருந்தது.

அடுத்த பத்து நாள்

சரி, ஒரே மாதிரி நடந்துகொள்வதுதான் கொள்கை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன நடந்தது பாருங்கள்.

மார்ச் 14, சிகாகோ. வாஷிங்டன் கேபிட்டல்ஸின் அலெக்ஸாண்டர் ஒவெச்கின், லீக்கின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர், சிகாகோவின் பிரையன் கேம்பலைப் பின்பக்கமாகத் தள்ளினார். இந்த பிரையன் கேம்பல் ஓரப் பலகையில் போய் மோதியதில் காறை எலும்பும் ஒரு விலா எலும்பும் உடைந்தன. தள்ளியது பெரிய பலத்தோடு இல்லை, வேகத்தில் போகிறவரை லேசாகத் தொட்டாலே போதும் என்பதால் வந்த வினை அது. ஒவெச்கினுக்கு 2 ஆட்டத் தடை. அதே சீசனில் ஏற்கெனவே ஒரு முறை தடை வாங்கியிருந்ததால் சம்பளத்தை 82-ஆல் வகுத்து 2,32,645 டாலர் வெட்டினார்கள்.

மார்ச் 17, மறுபடி சிகாகோ அணிதான் அடிபடுகிறது, இடம் அனஹைம். அனஹைமின் ஜேம்ஸ் விஸ்னியெவ்ஸ்கி, தன் அணி வீரர் கோரி பெர்ரியை பிரெண்ட் சீப்ரூக் இடித்துவிட்டார் என்ற ஆத்திரத்தில், பக் பக்கத்திலேயே இல்லாத சீப்ரூக்கைத் தேடிப் போய், ஓரப் பலகைக்கு மேலே இருக்கும் கண்ணாடியோடு சேர்த்து நசுக்கினார். சீப்ரூக் அப்படியே சரிந்தார். 8 ஆட்டம் தடை. இந்த எட்டுக்கு நான் எதிர்ப்பில்லை, பழிவாங்கும் அடி அது, கொடுக்க வேண்டியதுதான். என் கேள்வி எட்டு ஏன் என்பதைப் பற்றியதே இல்லை, பத்து நாள் முன்னால் ஏன் பூஜ்யம் என்பதுதான்.

மூன்று அடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதுவும் ஒட்டாது. காயத்தின் அளவு என்று பார்த்தால் சவார்டின் மூளை அதிர்ச்சி மற்ற இருவரின் காயத்தைவிடக் குறைந்ததில்லை. பழைய குற்றப் பதிவு என்று பார்த்தால் மூன்று பேருக்குமே இருந்தது. தலையைக் குறிவைத்தது என்று பார்த்தால் ஒவெச்கினின் தள்ளல் தலையைத் தொடவே இல்லை, அதற்கு 2, குக்குடைய அடி தலையைத் தவிர வேறெதையும் தொடவில்லை, அதற்கு 0.

இதற்கு நடுவில் மார்ச் 18-ம் தேதி பிட்ஸ்பர்க், பாஸ்டனுக்கு ஆட வந்தது. ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம் ஆவதற்குள் பாஸ்டனின் ஷான் தார்ன்டன் கையுறையைக் கழற்றிவிட்டு குக்கோடு சண்டை போட்டார். லீக் கொடுக்காத தண்டனையை நாங்கள் கொடுத்தோம் என்ற கணக்கில் ரசிகர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். பாஸ்டன் அந்த ஆட்டத்தில் 3-0 என்று தோற்றது. இந்தப் பழக்கத்தை ஹாக்கியின் பெருமை என்று சிலர் பேசுவார்கள், எனக்கு அதைக் கேட்டாலே பயம்தான் வரும். 2004-ல் இதே வழியில்தான் ஒரு வீரர் வாழ்க்கை போனது. பிப்ரவரி 16-ம் தேதி கொலராடோவின் ஸ்டீவ் மோர், வான்கூவர் கேப்டன் மார்கஸ் நாஸ்லண்டை இடித்தார். லீக் ஒன்றும் செய்யவில்லை. மார்ச் 8-ம் தேதி வான்கூவரின் டாட் பெர்டுஸி பின்னாலிருந்து மோரைக் குத்திப் பனியில் அமுக்கினார். மோரின் கழுத்தெலும்பு உடைந்தது, மூளை அதிர்ச்சி, அதற்குப் பிறகு அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அவர் தொடுத்த வழக்கு பத்து வருடம் இழுத்து 2014-ல்தான் சமரசத்தில் முடிந்தது. நாஸ்லண்டை இடித்ததற்குத் தடை கொடுத்திருந்தால் மோர் ஆடிக்கொண்டிருந்திருப்பாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் லீக் கண்டுகொள்ளாத அடிக்கு அணிகளே கணக்குத் தீர்க்கும் என்று எல்லாருக்கும் முன்பே தெரியும், லீக்குக்கும் தெரியும்.

விதி வந்தது, அரைகுறையாக

சவார்டு அடிபட்ட மறுநாளே அணிகளின் ஜெனரல் மேனேஜர்கள் புளோரிடாவின் போகா ரட்டோனில் கூட வேண்டியிருந்தது, முன்பே முடிவு செய்த கூட்டம். அங்கே தலையடிக்குத் தனி விதி வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். மாத முடிவுக்குள் வீரர் சங்கத்தின் சம்மதத்தோடு மீதி சீசனுக்கு இடைக்கால ஏற்பாடு வந்தது, 2010-11-ல் அது 48-ம் விதியாகப் புத்தகத்தில் ஏறியது. பக்கவாட்டிலிருந்தோ பார்வைக்கு மறைவிலிருந்தோ வந்து தலையைக் குறிவைத்து இடித்தால் குற்றம். நேருக்கு நேர் வந்து தலையில் இடித்தால்? அது விதிக்குள் வரவில்லை. சவார்டுக்கு நடந்தது அப்படியே இன்னொரு முறை நடந்தால் மட்டும் பிடிக்கும்படி தைத்த சட்டை மாதிரி இருந்தது அது. ஒன்டாரியோவின் ஜூனியர் லீக்கும் சர்வதேசப் போட்டிகளும் அதற்குச் சில வருடம் முன்பே தலையடியைத் தனிக் குற்றமாக வைத்திருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பதினைந்து பதினாறு வயசுப் பையன்களுக்கு இருந்த பாதுகாப்பு கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் வீரர்களுக்கு இல்லை. 2011-12-ல்தான் பக்கவாட்டு, மறைவு என்ற நிபந்தனைகளை எடுத்தார்கள்.

அதே 2010 நவம்பரில் இன்னொரு சங்கடம் வெளியே வந்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு நடுவர் கனடாவில் போட்ட வழக்கின் ஆவணங்களில் காலின் கேம்பலின் பழைய மின்னஞ்சல்கள் இருந்தன. 2007-ல் எழுதிய அவற்றில் தன் மகன் கிரெகரி கேம்பலுக்குக் கொடுத்த பெனால்டியைப் பற்றிப் புலம்பியிருந்தார், சவார்டை நடிக்கிறவர் என்ற பொருளில் இளக்காரமாகக் குறிப்பிட்டிருந்தார். அந்தக் கடுப்பினால்தான் குக்கை விட்டார் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு ஆதாரம் கிடையாது, லீக்கும் அவர் நேர்மையை முழுதாக ஆதரித்தது. எனக்கு உறுத்துவது வேறு. மகன் லீக்கில் ஆடிக்கொண்டிருக்க, அப்பா யாருக்கு எத்தனை ஆட்டம் தடை என்று முடிவு செய்யும் ஏற்பாட்டை அத்தனை பேரும் சேர்ந்து வருடக்கணக்கில் சகஜமாக எடுத்துக்கொண்டார்கள். மகனின் அணி சம்பந்தப்பட்டால் அவர் விலகிக்கொள்வார், சரி. ஆனால் எல்லா வழக்கும் அடுத்த வழக்குக்கு முன்னுதாரணமாகிறது என்று சொல்பவர்களும் அவர்கள்தானே.

2011 மார்ச்: 0, 2, 17

அடுத்த ஆண்டு அதே மாதம். மார்ச் 8-ம் தேதி மாண்ட்ரியால் பெல் சென்டரில் பாஸ்டனின் ஸ்டெனோ சாரா, லீக்கின் மிக உயரமான வீரர், மாண்ட்ரியாலின் மேக்ஸ் பாச்சியொரெட்டியை ஓரமாக நெருக்கிக்கொண்டு போனபோது, இரு அணி இருக்கைகளுக்கும் நடுவில் கண்ணாடி முடிகிற தூணில் பாச்சியொரெட்டியின் தலை போய் மோதியது. கழுத்து எலும்பில் முறிவு, மூளை அதிர்ச்சி. நடுவர் சாராவை வெளியேற்றினார். லீக் தடை தரவில்லை. கேம்பலின் மகன் அப்போது பாஸ்டனில் ஆடியதால் முடிவெடுத்தவர் மைக் மர்ஃபி. கியூபெக்கில் போலீஸ் விசாரணை வரை போனது, ஏர் கனடா நிறுவனம் விளம்பர ஆதரவை விலக்கிக்கொள்வோம் என்று லீக்குக்கு எழுதியது. சாரா வேண்டுமென்றே தூணில் இடித்தார் என்று நானும் நம்பவில்லை. ஆனால் பக் போன பிறகு இடித்தார், எந்த இடத்தில் இடிக்கிறோம் என்று தெரியாமலிருக்க வாய்ப்பு குறைவு. ஒரு ஆட்டம்கூடக் கொடுக்காதது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு வாரம் கழித்து பாஸ்டனின் பிராட் மார்ஷாண்ட், கொலம்பஸின் அம்பெர்கர் தலையில் முழங்கையால் இடித்தார், 2 ஆட்டம். மார்ச் 20-ம் தேதி குக், ரேஞ்சர்ஸின் ரயன் மெக்டோனா தலையில் முழங்கையால் இடித்தார். மீதமிருந்த 10 ஆட்டமும், சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக ஆடும் பிளேஆஃபின் முதல் சுற்று முழுவதும் தடை. அந்தச் சுற்று ஏழு ஆட்டம் போனதால் மொத்தம் 17.

குக்குக்குப் பெரிய தண்டனை வந்ததில் வருத்தமே இல்லை. பிப்ரவரியில்தான் கொலம்பஸின் ஃபெடோர் த்யூத்தினைப் பின்னாலிருந்து தள்ளி 4 ஆட்டம் வாங்கியிருந்தார், அது ஆறி ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. ஆனால் ஓராண்டில் மாறியது அவர் அடித்த விதம் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் பிட்ஸ்பர்க்கின் சிட்னி கிராஸ்பி, உலகின் சிறந்த வீரர் என்று பேசப்பட்டவர், ஜனவரி தொடக்கத்தில் தலையில் வாங்கிய இரண்டு அடிக்குப் பிறகு வீட்டில் இருந்தார், நவம்பர் வரை திரும்பவில்லை. அந்த அணியின் உரிமையாளர்களில் ஒருவரான மாரியோ லெமியூ பிப்ரவரியில் லீக்கின் ஒழுங்கு நடவடிக்கை போதாது என்று பகிரங்கமாகக் கண்டித்திருந்தார், உங்கள் அணியிலேயே குக்கை வைத்துக்கொண்டு பேசுகிறீர்களே என்று நாலு பக்கமும் கேட்டார்கள். பாச்சியொரெட்டி விஷயத்தில் லீக் வாங்கிக் கட்டிக்கொண்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. யாரையாவது பெரிதாகத் தண்டிக்க வேண்டிய நேரம் அது, குக் வந்து மாட்டினார். பென்குவின்ஸ் நிர்வாகமே தண்டனை நியாயம்தான் என்று சொன்னது. சவார்டுக்குச் சேர வேண்டியிருந்த தண்டனை ஒரு வருடம் தாமதமாக மெக்டோனாவின் பெயரில் வந்தது என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

இப்போது அடுத்த சீசனின் கணக்கு. 2010-11-ல் குக் பெனால்டி பாக்ஸில் உட்கார்ந்தது 129 நிமிடம். 2011-12-ல் 82 ஆட்டமும் ஆடி 44 நிமிடம், கூடவே 19 கோல். பழைய வீடியோக்களைப் போட்டுப் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து, எங்கே நின்று எப்படி மோதுவது என்று மாற்றிக்கொண்டார். கடுமையான தடை வீரரை மாற்றாது, ஆட்டத்தின் வேகம் அப்படி, அந்த நொடியில் யோசிக்க முடியாது என்று வாதிடுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும். அவரால் முன்பே முடிந்திருக்கும், யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். முழுக்கத் திருந்திவிட்டார் என்று சொல்ல மாட்டேன், 2014-ல் மின்னசோட்டாவுக்காக ஆடும்போது டைசன் பேரியின் முழங்காலில் இடித்து 7 ஆட்டம் வாங்கினார். ஆனால் தலையடிக்காரர் என்ற பெயர் அந்த 17-க்குப் பிறகு அவரை விட்டுப் போனது.

ஆள் மாறினார், அளவுகோல் நிலைக்கவில்லை

2011 ஜூனில் கேம்பல் அந்தப் பொறுப்பிலிருந்து விலக, பிரெண்டன் ஷானஹன் வந்தார், வீரர் பாதுகாப்புத் துறை என்று தனியாக ஒன்று உண்டானது. ஒவ்வொரு தடைக்கும் ஏன் என்று வீடியோ போட்டு விளக்கினார்கள். அதை நான் மனசாரப் பாராட்டுவேன், எந்த இடத்தில் தலை முதலில் இடிபட்டது, தவிர்த்திருக்க முடியுமா என்று நிறுத்தி நிறுத்திக் காட்டிய அந்த வீடியோக்களில் நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் விளக்கம் வருவது பெரும்பாலும் தடை கொடுத்தால்தான். கொடுக்காமல் விட்டதற்கு யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை, சந்தேகம் கிளம்புவதோ அங்கேதான்.

2012 பிளேஆஃப். ஏப்ரல் 11-ம் தேதி நாஷ்வில்லின் ஷே வெபர், டெட்ராய்ட்டின் ஹென்ரிக் செட்டர்பெர்க் தலையைக் கையால் பிடித்துக் கண்ணாடியில் மோத வைத்தார். ஹெல்மெட் விரிசல் விட்டது. தண்டனை 2,500 டாலர் அபராதம். அன்றைய ஒப்பந்தப்படி அதுதான் உச்சவரம்பு. வெபருக்கு அந்த ஆண்டுச் சம்பளம் 75 லட்சம் டாலர், ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 91,000 வரும். செட்டர்பெர்க்குக்குக் காயமில்லை என்பது காரணங்களில் ஒன்று. ஆறு நாள் கழித்து ஃபீனிக்ஸின் ராஃபி டோரஸ், சிகாகோவின் மரியன் ஹோசாவைத் துள்ளிப் பாய்ந்து தலையில் இடித்தார். ஹோசா ஸ்ட்ரெச்சரில் போனார், டோரஸுக்கு 25 ஆட்டம், மேல்முறையீட்டில் 21. டோரஸின் பழைய பதிவு நீளம், தண்டனை தகும். ஆனால் கண்ணாடி இன்னும் ஒரு அங்குலம் தவறாகப் பட்டிருந்தால் செட்டர்பெர்க்கும் ஸ்ட்ரெச்சரில்தான் போயிருப்பார், அப்போது வெபருக்கு எத்தனை ஆட்டம் வந்திருக்கும்? அடிபட்டவரின் மண்டை எவ்வளவு கெட்டி என்பதை வைத்து அடித்தவரின் தண்டனையை நிர்ணயிப்பது நீதியா?

2021 மே 3, நியூயார்க். வாஷிங்டனின் டாம் வில்சன், ரேஞ்சர்ஸின் பூச்னெவிச் பனியில் குப்புறக் கிடக்கும்போது குத்தினார், அப்புறம் தலைக்கவசம் கழன்ற பனாரினைப் பிடித்துப் பனியில் எறிந்தார். பனாரினுக்கு மீதி சீசன் போனது. வில்சன் புதியவர் இல்லை, 2018-ல் ஆஸ்கார் சன்ட்குவிஸ்ட் தலையில் இடித்து 20 ஆட்டம் வாங்கி, மேல்முறையீட்டில் அது 14 ஆகக் குறையப் பெற்றவர், 2021 மார்ச்சில் பாஸ்டனின் பிராண்டன் கார்லோவை இடித்து 7 ஆட்டம் வாங்கியவர். இந்த முறை 5,000 டாலர் அபராதம் மட்டும். ரேஞ்சர்ஸ் அணி கொதித்துப்போய், அப்போதைய பொறுப்பாளர் ஜார்ஜ் பேரோஸ் அந்தப் பதவிக்குத் தகுதியில்லை என்று அறிக்கை விட்டது. அந்த அறிக்கைக்கு லீக் போட்ட அபராதம் 2,50,000 டாலர். குத்தியதைவிட, குத்தியதைத் தண்டிக்கவில்லை என்று சொன்னது ஐம்பது மடங்கு பெரிய குற்றமாகிவிட்டது. மே 5-ம் தேதி இரு அணியும் மறுபடி மோதின, ஆட்டத்தைத் தொடங்க நடுவர் பக்கைப் போட்ட மறுநொடியே மூன்று ஜோடி ஒரே நேரத்தில் சண்டையைத் தொடங்கியது. 2010 மார்ச் 18-ல் பார்த்ததுதான், ஆள்தான் அதிகம்.

இரண்டு அடி ஒரே மாதிரி இருக்காது என்பது எனக்கும் தெரியும். கடைசி நொடியில் அடிபடுகிறவர் தலையைக் குனிந்துகொள்வார், வேகம் மாறும், கோணம் மாறும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை: அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே வீரர் சங்கத்தின் உறுப்பினர்கள். தடை வந்தவுடன் குறைக்கச் சொல்லி வாதாட சங்கம் வருகிறது, அது அதன் கடமையும்கூட, வில்சனுக்காக வந்தது. சன்ட்குவிஸ்டுக்காகத் தடையைக் கூட்டுங்கள் என்று கேட்க அந்த அறையில் ஒருவரும் இல்லை. அபராத உச்சவரம்பை ஏற்றவும் அதே ஒப்பந்த மேசையில்தான் பேச வேண்டும்.

அதனால்தான் நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. தலைதான் முக்கியமாக இடிபட்டது, தவிர்த்திருக்கலாம் என்று முடிவானால் இத்தனை ஆட்டத்துக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு அடிமட்டம் வைக்கட்டும், காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஜனவரியானாலும் பிளேஆஃபானாலும். அதற்கு மேலே எவ்வளவு என்பதைப் பழைய பதிவைப் பார்த்து ஏற்றிக்கொள்ளட்டும். முன்பு தவறாக விட்ட தீர்ப்பை முன்னுதாரணமாகக் காட்டக்கூடாது. ஸ்ட்ரெச்சர் வந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும், தடை இல்லையென்றாலும் வீடியோ விளக்கம் வரட்டும். இந்த அடிமட்டம் 2009 அக்டோபரில் இருந்திருந்தால் ரிச்சர்ட்ஸுக்குத் தடை வந்திருக்கும், குக்கை விட கேம்பலுக்குக் காரணமே கிடைத்திருக்காது.

சவார்டு அன்றைக்கு அடிபட்ட பிறகு வாரக்கணக்கில் வெளிச்சம் தாங்காமல், தலைவலியோடு இருந்தார். 2010 மே 1-ம் தேதி பிளேஆஃபில் திரும்பி வந்து முதல் ஆட்டத்திலேயே கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் போட்டார். எதிரணி ஃபிலடெல்ஃபியா, கேப்டன் மைக் ரிச்சர்ட்ஸ். கோடையில் அறிகுறிகள் திரும்பின, மன அழுத்தமும் சேர்ந்துகொண்டது, பிற்பாடு அதைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசினார். டிசம்பரில் மறுபடி ஆட வந்தார். 2011 ஜனவரி 22, டென்வர். பழைய அணித் தோழர் மேட் ஹன்விக் விதிக்குள் நின்று கொடுத்த ஒரு சாதாரணச் செக், பலகையில் தலை பட்டது. சவார்டு கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஜூனில் பாஸ்டன், லீக்கின் சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அந்த சீசனில் சவார்டு ஆடியது 25 ஆட்டம்தான், கோப்பையில் பெயர் வர அது போதாது. அணி லீக்கிடம் தனியாகக் கேட்டு அவர் பெயரைப் பொறிக்க வைத்தது. ஏழு வருட ஒப்பந்தத்தில் இன்னும் பாக்கி இருந்ததால் காயப் பட்டியலிலேயே வைத்திருந்தார்கள். 2015-ல் அந்த ஒப்பந்தத்தை புளோரிடாவுக்கு மாற்றினார்கள், 2016-ல் அங்கிருந்து நியூ ஜெர்சிக்கு. அந்த இரண்டு அணிக்காகவும் அவர் ஒரு நாள்கூடப் பனியில் இறங்கவில்லை. 2018 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார், கடைசி ஆட்டம் முடிந்து ஏழு வருடம் கழித்து.